எழுத்துப் பேட்டியா, குரல் உரையாடலா?

படைப்பாளிகள் எப்படி இந்த இடத்துக்கு வந்தார்கள் என்று தெரிந்துகொள்ள எனக்கு இரண்டு வழி பிடிக்கும். ஒன்று, 1953-இல் தொடங்கிய 'தி பாரிஸ் ரிவ்யூ' என்ற ஆங்கில இலக்கிய இதழின் நீண்ட பேட்டிகள். முதல் இதழிலேயே ஆங்கில நாவலாசிரியர் இ. எம். ஃபார்ஸ்டரின் பேட்டி. அச்சாகும் முன் பதில் சொன்னவரே தன் வார்த்தைகளைத் திருத்திக்கொள்ளலாம் என்பதால் தொழில் நுணுக்கம் தெளிவாக வரும்: எத்தனை மணிக்கு எழுத உட்காருகிறார், கையால் எழுதுகிறாரா, எத்தனை முறை அடித்துத் திருத்துகிறார் என்பது வரை. பென்சிலால் கோடு போட்டு நிதானமாகப் படிக்கலாம்.

இன்னொன்று, 1942-இல் பிபிசி வானொலியில் தொடங்கிய 'டெசர்ட் ஐலண்ட் டிஸ்க்ஸ்' என்ற உரையாடல் நிகழ்ச்சி. தனித்தீவுக்கு எடுத்துப்போக 8 இசைத்தட்டு, ஒரு புத்தகம், ஒரு ஆடம்பரப் பொருள் என்று விருந்தினர் தேர்ந்தெடுத்துப் பேச வேண்டும், அவ்வளவுதான் ஏற்பாடு. ஆனால் ஒரு பாட்டைப் பற்றிப் பேச ஆரம்பித்தவர் அப்படியே அம்மாவின் நினைவுக்குப் போய், சட்டென்று நிறுத்தி, தொண்டையைச் செருமிக்கொண்டு தொடர்வார் பாருங்கள், அந்த இரண்டு விநாடி மௌனத்தை எந்த அச்சும் தராது.

தொழிலைக் கற்க வேண்டுமா, சரி, பேட்டியைப் படியுங்கள். எல்லாவற்றையும் விட்டுவிடலாமா என்று சோர்ந்து கிடக்கிற நாளில் மட்டும் நான் தேடிப்போவது குரலைத்தான்.