சுங்கை சிப்புட்டில் ஒரு மிஸ்ஸி

அம்மாவுக்கு நுரையீரல் ஆபரேஷன் என்றுதான் மெல்பர்னிலிருந்து மலேசியாவுக்கு, ஊருக்குப் போனேன். ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. சுங்கை சிப்புட் வீட்டுக்கு வந்த பிறகுதான் பாடு. வலிக்குக் கொடுத்த டிராமடோல், அது மார்ஃபின் வகை மருந்து, போட்டால் கொஞ்ச நேரத்தில் வாந்தி. ஓங்கரிக்கும்போது விலாத் தையல் இழுத்து உயிர் போகிற வலி. அதற்குப் பயந்து இருமலையும் அடக்கிக்கொண்டார்.

டவுனில் ஒரு தனியார் கிளினிக். டிஸ்சார்ஜ் கடிதத்தை நீட்டினேன், டாக்டர் பிரித்துக்கூடப் பார்க்கவில்லை. "கேஸ்திரிக்" என்று வயிற்றுக்கு மாத்திரை கொடுத்து அனுப்பிவிட்டார். எனக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சமல்ல. மெல்பர்னில் தோழிக்கு மார்பில் ஆபரேஷன் நடந்தபோது, மயக்க மருந்து டாக்டர் முன்கூட்டியே கேட்டார்: பயணத்தில் வாந்தி வருமா, புகைப்பீர்களா? பெண், புகைக்காதவர், பயண வாந்தி உள்ளவர், ஆபரேஷனுக்குப் பின் மார்ஃபின் வகை மருந்து. இவை சேரச் சேர வாந்தி வரும் வாய்ப்பு கூடுமாம். அம்மாவுக்கு நான்குமே உண்டு. கேமரன் மலைக்குப் போனால் அடிவாரத்துத் தாப்பா தாண்டியதுமே வாந்திக்குப் பை கேட்பவர்.

மறுநாள் கிளினிக் கெசிஹாத்தான், அதாவது அரசாங்கச் சுகாதார கிளினிக். தோட்டத்தில் மருந்து கொடுக்கும் டிரெஸர் எல்லாருக்கும் ஒரே மருந்துத் தண்ணி ஊற்றிய காலத்தில் வளர்ந்தவள் நான், பெரிதாக நம்பிக்கை இல்லை. அங்கிருந்த மிஸ்ஸி, அதாவது நர்ஸ், நம்ம தமிழ்ப் பிள்ளை. அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு, "பத்துக்கு எத்தனைம்மா வலி?" என்றார்.

"சும்மா இருந்தா மூணு."

"இருமினா?"

அம்மாவுக்குக் கண் கலங்கிவிட்டது. நாடி, பிரஷர் மாதிரி வலியையும் கேட்டு எழுதும் வழக்கம் அரசாங்க ஆஸ்பத்திரிகளில் 2008இல் வந்தது. அதன் அருமை அன்றுதான் தெரிந்தது.

அப்புறம் மருந்துப் பையை மேசையில் கொட்டினார். பானடோல் (பாராசிட்டமால்) அட்டை பிரிக்காமலே கிடந்தது. "காய்ச்சல் இல்லையே" என்று அம்மா ஒதுக்கிவிட்டு, வலி தாங்காதபோது வெறும் வயிற்றில் டிராமடோல் மட்டும் விழுங்கியிருக்கிறார்! மிஸ்ஸி உடனே டாக்டரிடம் கூட்டிப்போனார். டாக்டர் சொன்னது: 500 மில்லிகிராம் பானடோல் ஆறு மணி நேரத்துக்கொரு தரம் இரண்டு, வலிக்கும்வரை காத்திருக்காமல். ஒரு நாளில் எட்டு மாத்திரையைத் தாண்டக் கூடாது. அதற்கும் அடங்காவிட்டால்தான் டிராமடோல், அதுவும் சாப்பிட்ட பிறகு. வாந்தி மாத்திரை தனியாக எழுதிக் கொடுத்தார்.

வெளியே வந்ததும் மிஸ்ஸி ஒரு தலையணையைத் தையல் பக்கம் அணைத்துப் பிடிக்க வைத்து, இருமச் சொன்னார். "சளி உள்ள தங்கினா நிமோனியா வந்துரும்மா." அம்மா இருமினார். முகம் சுளித்தாலும் நிறுத்தவில்லை.

கட்டணம் ஒரு வெள்ளி (ரிங்கிட்). மெல்பர்னில் அந்தப் பணத்துக்குத் தண்ணி போத்தல்கூடக் கிடைக்காது. பெரிய ஆஸ்பத்திரியில் பையைக் கையில் கொடுக்கும்போதே யாராவது இதைத் தமிழில் வாய்விட்டுச் சொல்லியிருந்தால், அம்மா அத்தனை வாந்தி எடுத்திருக்க வேண்டாம்.