பில்லில் 7 லிட்டர், உள்ளே போனது ஒன்றேகால்: ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ் ஆயில் மாற்றக் கொடுப்பவர்கள் கவனத்துக்கு

1,60,000 கிலோமீட்டர் ஓடிய ஆறு ஸ்பீடு ஆட்டோமேட்டிக் வண்டி. இருந்த புகார் ஒன்றுதான்: 60, 70 வேகத்தில் ஆக்ஸிலரேட்டரை லேசாக மிதித்து ஒரே சீராகப் போகும்போது, வரிவரியாக மேடு போட்ட ரோட்டில் ஏறியதுபோல ஒரு நடுக்கம். கியர்பாக்ஸ் ஆயிலை மாற்றிப் பார்க்கலாம் என்று ஒர்க்‌ஷாப்பில் சொன்னதில் தப்பே இல்லை. செய்த விதத்தில்தான் எல்லாம் இருக்கிறது. பில்லில் 7 லிட்டர் ஏடிஎஃப் (ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ் ஆயில்), அதற்கு மேல் ஃபிளஷ், கூலி. மூன்று நாள் கழித்து நடுக்கம் அப்படியே இருந்தது. கூடவே புதிதாக ஒரு தொல்லை: காலையில் ஸ்டார்ட் செய்து டி-யில் போட்டால் இரண்டு மூன்று விநாடி வண்டி நகரவே இல்லை. திரும்பக் கொண்டுபோய்க் காட்டியதற்கு, "பழைய பாக்ஸ் சார், புது ஆயில் பட்டதும் உள்ளே இருந்த தேய்மானம் வெளியே தெரியுது, இறக்கி ஓவர்ஹால்தான்" என்று பதில்.

நடந்தது என்ன என்பது இன்னொரு இடத்தில் அடி போல்ட்டைக் கழற்றியபோது தெரிந்தது. நாலு சொட்டு விழுந்தது, அவ்வளவுதான்.

இந்த வகை பாக்ஸில் டிப்ஸ்டிக் (ஆயில் அளவு பார்க்கும் கம்பி) கிடையாது. அடியில் ஒரு போல்ட் இருக்கும். அந்த ஓட்டைக்குள், பானின் (அடியில் ஆயில் தேங்கும் தட்டு) தரையிலிருந்து மேலே எழும்பி நிற்கிற ஒரு சின்னக் குழாயும் இருக்கும். அளவு பார்ப்பதற்கான ஓவர்ஃபுளோ குழாய் அது. போல்ட்டை மட்டும் கழற்றினால் குழாயின் வாய்க்கு மேலே நிற்கும் ஆயில்தான் வடியும். கீழே உள்ளது அசையாது. ஆலன் கீயை உள்ளே விட்டு அந்தக் குழாயையும் திருகி எடுத்தால்தான் பான் காலியாகும். முதல் ஒர்க்‌ஷாப்பில் குழாயைத் தொடவே இல்லை. பக்கத்தில் நின்று பார்த்த வண்டிக்காரர் கணக்குப்படி, வடிந்தது ஒன்றேகால் லிட்டர், ஊற்றியதும் ஒன்றேகால். மொத்தக் கொள்ளளவு 7 லிட்டர் என்றால் நூற்றுக்குப் பதினெட்டுப் பங்குகூட முழுதாக மாறவில்லை.

அதோடு விட்டிருந்தால் வண்டி பழைய நிலையிலாவது இருந்திருக்கும். ஊற்றிய பிறகு "லெவல் பார்க்கிறேன்" என்று எஞ்சினை அணைத்து, சூடாக இருந்த பாக்ஸில் போல்ட்டைத் திரும்பத் திறந்திருக்கிறார்கள். எஞ்சின் ஓடும்போது பம்ப் ஆயிலை இழுத்து டார்க் கன்வர்ட்டர் (எஞ்சின் சக்தியை ஆயில் வழியாகப் பாக்ஸுக்குக் கடத்தும் பகுதி), வால்வு பாடி (ஆயிலை அந்தந்த கிளட்சுக்குப் பிரித்து அனுப்பும் பகுதி), கூலர் லைன் (ஆயிலைக் குளிர்விக்கக் கொண்டுபோகும் குழாய்) எல்லாவற்றையும் நிரப்பி வைத்திருக்கும். அணைத்தால் அதில் ஒரு பகுதி பானுக்கு இறங்கி லெவல் உயரும். சூட்டில் ஆயில் விரிந்தும் இருக்கும்: 40 டிகிரியிலிருந்து 85 டிகிரிக்குப் போனால் 7 லிட்டரில் கிட்டத்தட்ட கால் லிட்டர் பெருக்கம். இரண்டும் சேர்ந்து, அதிகம் என்று நினைத்துத் திறந்துவிட்டது உள்ளே இருந்தாக வேண்டிய ஆயில். மறுநாள் காலை குளிர்ந்த பாக்ஸில் பம்ப் காற்றைச் சேர்த்து உறிஞ்சும், கிளட்சுக்குப் பிரஷர் ஏறத் தாமதமாகும். ஓவர்ஹால் கேட்ட "தேய்மானம்" இதுதான். அளவைச் சரிசெய்த அன்றே டி-யில் விழும் தாமதம் போய்விட்டது.

சரியான முறை இது. போல்ட்டில் கை வைக்கும் முன் மேலே உள்ள ஃபில்லர் பிளக்கைத் திறந்து பார்க்க வேண்டும்; அது துருவேறித் திறக்கவில்லை என்றால் அடியில் வடிக்கவே கூடாது, பிறகு ஊற்ற வழியிருக்காது. வண்டி நான்கு பக்கமும் மட்டமாக நிற்க வேண்டும். முன்பக்கம் மட்டும் ஜாக்கி போட்டுத் தூக்கிப் பார்த்த லெவல் செல்லாது. போல்ட், குழாய் இரண்டையும் எடுத்து வடித்து, வடிந்ததை அளவு கோடு போட்ட ஜாடியில் அளந்து, குழாயையும் போல்ட்டையும் திரும்பப் பூட்டி, அதே அளவு புதியதும் அரை லிட்டர் கூடுதலாகவும் ஊற்ற வேண்டும். எஞ்சினை ஓடவிட்டு, பிரேக்கை மிதித்தபடி பி, ஆர், என், டி என்று ஒவ்வொன்றிலும் சில விநாடி நிறுத்தித் திரும்ப பி-க்கு வர வேண்டும். ஸ்கேனரில் (வண்டியின் கம்ப்யூட்டரைப் படிக்கும் கருவி) ஆயில் சூடு பெரும்பாலான பாக்ஸில் 35 முதல் 45 டிகிரிக்குள் இருக்கும்போது, எஞ்சின் ஓடிக்கொண்டே இருக்கையில், போல்ட்டைத் திறக்க வேண்டும். கம்பிபோல ஒழுகுவது சொட்டுச்சொட்டாகக் குறைந்ததும் புது வாஷர் போட்டு மூடலாம். ஸ்கேனரே இல்லாமல் லெவல் வைக்கிறவரிடம் இந்த வகை பாக்ஸைக் கொடுக்காதீர்கள். டிப்ஸ்டிக் உள்ள வண்டிகளின் விதி வேறு. பலவற்றில் சூடேறி எஞ்சின் ஓடும்போது பார்க்க வேண்டும். ஹோண்டாவில் சூடேற்றி அணைத்துவிட்டு, ஒன்றரை நிமிடத்துக்குள். மேனுவல் சொல்வதுதான் கணக்கு.

குழாயை எடுத்தாலும் ஒருமுறையில் வெளியே வருவது 3 லிட்டர் அளவுதான். மீதி 4 லிட்டர் கன்வர்ட்டரிலும் லைன்களிலும் நின்றுவிடும். ஆகவே ஒருமுறைக்குப் பின் 57 சதவீதம் பழையது, இரண்டாம் முறைக்குப் பின் 33, மூன்றாவதில் 19. இடையில் சில நூறு கிலோமீட்டர் ஓட்டினால்தான் கன்வர்ட்டரில் உள்ளது கலக்கும். மூன்று தவணைக்கு 9 லிட்டர். "ஒரே தடவையில் 7 லிட்டர் மாற்றிவிட்டேன்" என்றால் கூலர் லைனில் மெஷின் இணைத்திருக்க வேண்டும். இணைத்தார்களா என்று கேளுங்கள், அந்த லைனைக் கழற்றிய தடம் பார்த்தாலே தெரியும். மெஷினில் கழுவும் திரவம் கலக்கிறேன் என்றால் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். அதிகம் ஓடிய பாக்ஸுக்கு அது தேவையே இல்லாத ஆபத்து.

ஆயிலின் வகையில் நடக்கிற ஏமாற்று இன்னும் நைசானது. சிவப்பாக இருந்தால் ஏடிஎஃப் என்று நம்புகிறோம். சிவப்பு வெறும் சாயம். ஏடிஎஃப் வகைகளான டெக்ஸ்ரான் 3-க்கும் டெக்ஸ்ரான் 6-க்கும் 100 டிகிரியில் பிசுபிசுப்பே வேறு, 6 இன்னும் மெலிது. டொயோட்டா டபிள்யூஎஸ், ஹோண்டா டிடபிள்யூ-1, ஹூண்டாய் எஸ்பி-4 என்று ஒவ்வொன்றிலும் கிளட்ச் எந்த அளவு வழுக்கிப் பிடிக்க வேண்டும் என்பதற்கான சேர்மானம் தனித்தனி. நடுக்கம் வரும் லாக்கப் கிளட்சுக்கு (கன்வர்ட்டருக்குள் எஞ்சினையும் பாக்ஸையும் நேராகப் பூட்டும் கிளட்ச்) இதுதான் உயிர். டிரம்மிலிருந்து புனலில் ஊற்றுகிற "எல்லாத்துக்கும் ஒத்துவரும்" ஆயிலை விடாதீர்கள். சீல் உடையாத கேன் உங்கள் கண்முன் திறக்கப்படட்டும், காலி கேன்களை எண்ணி வாங்கிக்கொள்ளுங்கள். சிவிடி (கியருக்குப் பதில் பெல்ட்டில் ஓடும் ஆட்டோமேட்டிக்) வண்டியில் சாதாரண ஏடிஎஃப் ஊற்றினால் பெல்ட் வழுக்கிப் பாக்ஸே போய்விடும்.

பான் இறங்கும் வண்டி என்றால் ஃபில்டரும் கேஸ்கெட்டும் மாற்றச் சொல்லி, காந்தத்தைக் காட்டச் சொல்லுங்கள். சாம்பல் நிறப் பசை ஒட்டியிருப்பது இயல்பு. விரலில் குத்துகிற சில்லு, பித்தளை மினுமினுப்பு இருந்தால் ஆயிலால் ஆகப்போவது ஒன்றுமில்லை. ஆயில் இளஞ்சிவப்புப் பால்போல இருந்தால் ரேடியேட்டருக்குள் உள்ள கூலர் உடைந்து கூலன்ட் கலந்திருக்கிறது. வண்டியை ஓட்டாமல் இழுத்துப் போக வேண்டும், கிளட்ச் பிளேட்டின் பசை தண்ணீரில் விட்டுவிடும்.

நடுக்கம் பாக்ஸில்தானா என்பதை நீங்களே பார்க்கலாம். காலியான ரோட்டில் அது வரும் வேகத்தைப் பிடித்து, ஆக்ஸிலரேட்டரை அசைக்காமல், இடது காலால் பிரேக்கைப் பூப்போல, விளக்கு எரியும் அளவுக்கு மட்டும் தொடுங்கள். லாக்கப் விடுபடும். அந்த நொடியே நடுக்கம் நின்றால் கன்வர்ட்டர் பக்கம். நிற்காவிட்டால் ஸ்பார்க் பிளக், காயில், எஞ்சின் மவுன்ட் பக்கம் பாருங்கள்; மிஸ்ஃபயருக்கு ஆயில் மாற்றிப் பணம் பறிகொடுத்தவர்கள் ஏராளம்.

"இது ஆயுட்கால ஆயில், தொடாதே" என்பவர்களுக்கு ஒரு தகவல்: கியர்பாக்ஸ் தயாரிக்கும் இசட்எஃப் நிறுவனமே தன் பாக்ஸுக்கு 80,000 முதல் 1,20,000 கிலோமீட்டருக்குள் அல்லது எட்டு ஆண்டில் ஆயில் மாற்றச் சொல்கிறது.

மேலே சொன்ன வண்டியில் நடுக்கம் இரண்டாம் தவணைக்குப் பின் பாதியானது, மூன்றாவதற்குப் பின் வரவில்லை. எல்லா வண்டிக்கும் இப்படி முடியாது. கியர் ஏறும்போது ஆர்பிஎம் மட்டும் துள்ளி வேகம் ஏறாமல் நின்றாலோ, ஸ்கேனரில் பி0730 போல கியர் விகிதம் தவறு என்று சொல்லும் பிழைக் குறியீடு வந்தாலோ, கிளட்ச் ஏற்கெனவே தேய்ந்திருக்கலாம். அங்கே முதலில் ஆயில் பிரஷரும் சாலினாய்டும் (ஆயில் வழியைத் திறந்து மூடும் மின் வால்வு) சோதிக்கச் சொல்லுங்கள். அதைச் செய்யாமல் எடுத்த எடுப்பில் பாக்ஸை இறக்கச் சொல்பவரிடம் சாவியைக் கொடுக்காதீர்கள்.