வாஷர் வேலைக்கு 6,950 ரூபாய்: லாரி வைத்திருப்பவர்கள் கவனத்துக்கு

பெங்களூரு ஸ்ரீராமபுரத்தில் இருக்கிறோம். எங்களுக்கு ஒரே லாரி. தம்பி ஓட்டுகிறான், டீசல், சுங்கம், வாடகைக் கணக்கு என் பொறுப்பு. யஷ்வந்த்பூர் சந்தையில் வெங்காயம் ஏற்றி, கிருஷ்ணகிரி, தருமபுரி வழியாகச் சேலம் போவதுதான் பிழைப்பு. போன மாதம் முன் கண்ணாடி வாஷரில் தண்ணீர் வராமல் போனது. சின்ன வேலை என்று நினைத்து ஓசூர் சாலை ஓரத்துப் பட்டறை ஒன்றில் வண்டியை விட்டான். அங்கே எங்களிடம் வாங்கியது 6,950 ரூபாய்.

சீட்டில் எழுதியிருந்தது இது: ஸ்டியரிங் பக்கத்துச் சுவிட்ச் 2,900, மோட்டார் 850, ஒயரிங் 1,600, நாசில் (கண்ணாடியில் தண்ணீர் பீய்ச்சும் முனை) இரண்டு 400, கூலி 1,200. கடையின் பெயரோ ஜிஎஸ்டி எண்ணோ இல்லாத வெள்ளைத் தாள். பழைய பாகங்களைக் கேட்டதற்குக் குப்பையில் போட்டுவிட்டதாகச் சொன்னார்கள். அங்கேயே நான் சுதாரித்திருக்க வேண்டும். ஆனால் தம்பி தொலைபேசியில், “அக்கா, தண்ணீர் கூரை வரைக்கும் பீய்ச்சி அடிக்கிறது” என்று மகிழ்ச்சியாகச் சொன்னான். பணத்தை அனுப்பிவிட்டேன்.

நான்காம் நாள் இரவு தொப்பூர் கணவாய் இறக்கத்தில் தூறல். பெருமழை என்றால் கண்ணாடியை அதுவே கழுவிவிடும். தூறலில்தான் முன்னால் போகும் வண்டி வாரி இறைக்கும் சேறும் எண்ணெய்ப் பிசுக்கும் அப்பிக்கொள்ளும். வைப்பர் அதை இழுத்துப் பூசிவிடும். தம்பி சுவிட்சை அழுத்தினான். சத்தமே இல்லை. எதிர் வரிசை விளக்குகள் கண்ணாடி முழுக்கப் பரவி, பாதை எங்கே, ஓரம் எங்கே என்று தெரியவில்லை. பாரம் ஏற்றிய வண்டியை அந்த இறக்கத்தில் தவழவிட்டு, ஓரமாக இடம் கிடைத்ததும் நிறுத்தி, குடிக்க வைத்திருந்த தண்ணீரை ஊற்றித் துடைத்துக்கொண்டு போயிருக்கிறான். அந்த இறக்கத்தில் எத்தனை விபத்துகள் நடந்திருக்கின்றன என்பது அவ்வழியே ஓடுகிறவர்களுக்குத் தெரியும். அன்று இரவு அவன் பேசும்வரை நான் தூங்கவில்லை.

திரும்பி வந்ததும் கலாசிபாளையத்தில் லாரி எலக்ட்ரிக் வேலை பார்க்கும் பெரியவர் ஒருவரிடம் போனோம். வேலூர்ப் பக்கத்துக்காரர். வாஷர் தண்ணீர்த் தொட்டிக்கு அடியில் இருந்த மோட்டாரைக் கழற்றிக் கையில் திருப்பினார். ஒட்டியிருந்த தாள் சுரண்டப்பட்டிருந்தது. ஆனால் பிளாஸ்டிக்கிலேயே அச்சாகியிருந்த “12 வோல்ட்” அப்படியே இருந்தது. எங்கள் லாரி 24 வோல்ட். “இது கார் மோட்டார் அம்மா. இரண்டு பங்கு மின்சாரம் கொடுத்தால் முதல் நாள் வேகமாகத்தான் அடிக்கும். பிறகு கருகிவிடும்” என்றார். கூரை வரைக்கும் அடித்ததன் காரணம் இதுதான்.

பிறகு ஸ்டியரிங் உறையைத் திறந்தார். சுவிட்சைப் பிடித்திருக்கும் திருகுகளின் தலையில் பழைய தூசியும் துருவும் கலையாமல் இருந்தன. அதில் திருப்புளியே படவில்லை. 2,900 ரூபாய் வாங்கிய சுவிட்ச் வண்டியோடு வந்த பழைய சுவிட்ச்தான். ஒயரிங்கும் பழையதே, மோட்டார் அருகில் மட்டும் ஒரு சாண் ஒயரை முறுக்கி டேப் சுற்றியிருந்தார்கள்.

முதலில் வந்த பழுது என்ன என்று அவர் கேட்டார். மோட்டார் சத்தம் கேட்டது, தண்ணீர் மட்டும் வரவில்லை என்று தம்பி சொன்னான். சத்தம் கேட்டால் ஃபியூஸ், சுவிட்ச், ஒயர் மூன்றும் சரி என்றுதான் அர்த்தம். அந்த ஒரு கேள்வியைப் பட்டறைக்காரர் கேட்டிருந்தால் இந்தச் சீட்டில் பாதி எழுத முடியாது. தொட்டியில் ஆழ்துளைக் கிணற்று உப்புத் தண்ணீரும் சோப்புத் தூளும் போட்டு வந்தோம். அது எங்கள் தவறு. அதனால் மோட்டார் வாயில் இருக்கும் சல்லடையைக் கூழ் அடைத்து, நாசில் துளையில் வெள்ளைப் படிவு சேர்ந்திருக்கும் என்றார் பெரியவர். சல்லடையைக் கழுவி, நாசிலை வினிகரில் ஊறவைத்து ஊசியால் குத்தினால் தீர்ந்திருக்கும். ஆர்ஓ எந்திரம் வெளியே தள்ளும் தண்ணீரையும் ஊற்றாதீர்கள், அதில் உப்பு இன்னும் அதிகம்.

அவர் காட்டிய சோதனையை எழுதுகிறேன், யாரும் செய்யலாம். சத்தம் வந்து தண்ணீர் வராவிட்டால், நாசில் அருகே டியூபைக் கழற்றிவிட்டு ஒருவர் சுவிட்சை அழுத்தட்டும். அங்கே தண்ணீர் வந்தால் நாசில் அடைப்பு. வராவிட்டால் மோட்டார் அருகே கழற்றிப் பாருங்கள். அங்கே வந்தால் இடையில் டியூப் மடங்கியோ கிழிந்தோ இருக்கிறது, அல்லது தண்ணீர் பின்னால் இறங்காமல் தடுக்கும் வால்வு அடைத்திருக்கிறது. கேபினைச் சாய்த்து வேலை செய்த பிறகு டியூப் நசுங்குவது வழக்கமாம். அங்கும் வராவிட்டால் சல்லடை, இல்லையென்றால் மோட்டார். சத்தமே வராதபோதுதான் ஃபியூஸ். அது சரியாக இருந்தால் மோட்டாருக்குப் போகும் இணைப்பின் இரண்டு முனைகளிலும் 24 வோல்ட் டெஸ்ட் விளக்கை வைத்து, ஒருவர் சுவிட்சை அழுத்தட்டும். எரிந்தால் மோட்டார் போய்விட்டது. எரியாவிட்டால் விளக்கின் ஒரு முனையை வண்டியின் இரும்பில் வைத்துப் பாருங்கள். அப்போது எரிந்தால் எர்த், அதாவது வண்டியின் இரும்போடு சேரும் இணைப்பு, விட்டுப்போயிருக்கிறது. அதற்கும் எரியாவிட்டால் மட்டுமே சுவிட்சையும் ஒயரையும் சந்தேகப்பட வேண்டும். தொட்டி காலியாக இருக்கும்போது மோட்டாரை ஓட்டாதீர்கள், நல்ல மோட்டாரும் கெட்டுவிடும்.

24 வோல்ட் மோட்டாருக்கும் கூலிக்கும் சேர்த்துப் பெரியவர் வாங்கியது 800 ரூபாய். கருகிய மோட்டாரைக் காகிதத்தில் சுற்றி எங்களிடமே கொடுத்தார்.

பட்டறைக்குத் திரும்பப் போனோம். உப்புத் தண்ணீரால் மோட்டார் எரிந்தது என்றார்கள். சுவிட்ச் திருகுகளின் படத்தைக் காட்டியதும் குரல் மாறியது. வியாபார வண்டிக்காரர்கள் நுகர்வோர் வழக்குப் போட முடியாது என்று மிரட்டினார்கள். அது முழு உண்மை இல்லை. 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் வணிக நோக்கத்தை விலக்குகிறது. ஆனால் சொந்த உழைப்பில் பிழைப்புக்காக மட்டுமே வாங்கிப் பயன்படுத்தும் பொருளை அப்படி விலக்குவதில்லை. ஒரே லாரியைச் சொந்தமாக ஓட்டிப் பிழைக்கிறவர், வாங்கிய பாகங்களுக்கு இந்தக் காரணத்தை எடுத்து வைக்கலாம். 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் பதிந்திருக்கிறேன். தீராவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் மனு. 5 லட்சம் ரூபாய் வரை கொடுத்த தொகைக்கு அங்கே கட்டணம் இல்லை.

வெள்ளைச் சீட்டு, பணம் அனுப்பிய பதிவு, கருகிய மோட்டார், திருகுகளின் படம் நான்கையும் ஒரு பையில் போட்டு வைத்திருக்கிறேன். ஓசூர் சாலையில் அண்மையில் வாஷர் வேலை செய்தவர்கள் இன்றே மோட்டாரைத் திருப்பி வோல்ட் எண்ணைப் பாருங்கள். தொப்பூர் இறங்கும் முன் பாருங்கள்.