கிருஷ்ணாபுரத்துச் சிலைகளுக்கு மெஷ்ஷா, ஸ்பிளாட்டா?

திருநெல்வேலியிலிருந்து திருச்செந்தூர் சாலையில் போனால் கிருஷ்ணாபுரம் வெங்கடாசலபதி கோவில். அங்கே வீரபத்திரர், கர்ணன், குறத்தி என ஆளுயரச் சிலைகள், விரல் நகம் வரை செதுக்கியவை. முறையான அனுமதியோடு இவற்றைப் பல கோணங்களில் படமெடுத்து, திரையில் விருப்பமான பக்கம் நின்று பார்க்கும்படி செய்ய எந்த முறை நல்லது? இன்றைக்குப் போட்டியில் இருப்பவை, படங்களிலிருந்து முப்பரிமாணக் காட்சி உருவாக்கும் மூன்று முறைகள்: மெஷ் கட்டும் போட்டோகிராமெட்ரி, நெர்ஃப், சுருக்கமாக ஸ்பிளாட் எனப்படும் காசியன் ஸ்பிளாட்டிங். 1996இல் வந்த லைட் ஃபீல்ட் முறை வடிவத்தைக் கணக்கிடாமலே படங்களிலிருந்து புதுக் காட்சியை எடுக்கும். ஆனால் அதற்குப் படங்கள் மிக நெருக்கமாக வேண்டும், கோவில் மண்டபத்துக்குச் சரிவராது.

மூன்று முறைக்கும் முதல் வேலை ஒன்றுதான். ஒவ்வொரு படமும் எங்கே நின்று எடுத்தது என்பதை, படங்களில் பொதுவாக உள்ள புள்ளிகளை வைத்துக் கணக்கிட வேண்டும். கோல்மேப் என்ற இலவச மென்பொருளே போதும். இந்தப் படி தப்பினால் பின்னால் எதுவும் தேறாது.

போட்டோகிராமெட்ரி அந்தப் புள்ளிகளைப் பெருக்கி, முக்கோணங்களால் ஆன மெஷ்ஷாகப் பரப்பைக் கட்டுகிறது. சொரசொரப்பான கருங்கல் இதற்கு வாகானது, பொருத்திப் பார்க்க அடையாளங்கள் நிறைய. பக்கத்தில் அளவுகோல் வைத்து எடுத்தால் சிலையின் மூக்கு நீளத்தைக்கூட அளக்கலாம். நாளைக்கு ஒரு விரல் உடைந்தால் பழைய வடிவம் என்ன என்று சொல்ல அதுதான் ஆதாரம். தொல்லை எண்ணெய்ப் பளபளப்பில்தான். நாம் நகர நகர ஒளிப்புள்ளியும் நகர்வதால் அந்த இடத்தில் மெஷ் குழியும் மேடுமாகிவிடும்.

பளபளப்பைச் சமாளிப்பதில் 2020இல் வந்த நெர்ஃப் கெட்டி. காட்சி முழுவதையும் ஒரு சிறு நியூரல் நெட்வொர்க்குக்குள் (படங்களைப் பார்த்துப் பழகும் கணினி நிரலுக்குள்) வைத்து, இந்த இடம் இந்தத் திசையிலிருந்து என்ன நிறம் என்று அதனிடமே கேட்கிறது. கோப்பு சுமார் 5 எம்பிதான். ஆனால் மூல வடிவில் பயிற்சிக்கே ஒன்றிரண்டு நாள், ஒரு படம் வரைய ஏறக்குறைய அரை நிமிடம். 2022இல் என்விடியாவின் இன்ஸ்டன்ட் என்ஜிபி என்ற வேகமான வடிவம் பயிற்சியை நிமிடங்களுக்குக் குறைத்தது. ஆனால் அடுத்த வருடமே ஸ்பிளாட்டிங் வந்துவிட்டது. புதிதாகத் தொடங்குகிறவர் நெர்ஃப் பக்கம் போகத் தேவையில்லை என்பது என் கருத்து.

2023இல் பிரான்சின் இன்ரியா ஆய்வாளர்கள் கொடுத்த ஸ்பிளாட்டிங், காட்சியைப் பஞ்சுத் துணுக்கு போன்ற பல லட்சம் நீள்வட்ட உருண்டைகளாகப் பரப்புகிறது. ஒவ்வொன்றுக்கும் பார்க்கும் திசையைப் பொறுத்து நிறம் மாறும். நல்ல ஜிபியு (கணினியின் கிராஃபிக்ஸ் சிப்) இருந்தால் நொடிக்கு 30 படத்துக்கு மேல் ஓடும். கோப்பு மட்டும் சில நூறு எம்பி வரை பெருக்கும். அப்புறம், அதில் உறுதியான பரப்பு கிடையாது, அதனால் அளவெடுக்க நம்ப முடியாது.

ஆகவே கிருஷ்ணாபுரத்துக்கு முதலில் மெஷ். இந்தக் கல்வேலை ஆவணமாக நிற்க வேண்டும், அதில் எனக்குச் சமரசம் இல்லை. அதே படங்களை வைத்தே மக்கள் பார்க்க ஸ்பிளாட்டும் செய்துகொள்ளலாம், மறுபடி போய் எடுக்க வேண்டாம்.

நெல்லையப்பர் கோவில் இசைத்தூண்கள் வேறு கதை. நெருங்கி நிற்கும் சிறு தூண்களின் உட்புறத்தைக் கேமரா பார்க்கவே முடியாது. மெஷ் அங்கே தூண்களை ஒட்டிவிடும் அல்லது ஓட்டை விடும். ஸ்பிளாட் பார்க்காத இடத்தில் மங்கல் துகள்களை மிதக்கவிடும். காட்சிக்கு ஸ்பிளாட் தேவலை, ஆவணத்துக்கு இரண்டுமே குறை.

திசையன்விளைப் பக்கத்துப் பனங்காட்டுக்கு ஸ்பிளாட்டேதான். மெஷ்ஷில் ஓலைகள் கட்டியாகிப் போகும். காற்று எழும் முன், விடியற்காலையில் எடுத்துவிட வேண்டும். எல்லா முறையும் காட்சி அசையாது என்றுதான் நம்புகின்றன.

குறுக்குத்துறையில் ஓடும் தாமிரபரணி அந்த நம்பிக்கையை உடைக்கிறது. படங்களில் தண்ணீர் வரும் பகுதியை மறைத்துவிட்டு ஸ்பிளாட் பயிற்சி கொடுத்தால், முருகன் கோவில் மண்டபமும் படித்துறையும் சுத்தமாக வரும். ஆற்றுக்குத் தனியாக வீடியோ எடுத்துக்கொள்ளலாம்.