கட்டில் காலில் கட்டிய மடிக்கணினி: கேபிள் பூட்டு ஒன்றின் மதிப்பீடு

சேலம் ஐந்து ரோட்டுக்கு அருகில் கணினி உதிரிப் பொருள்கள் விற்கும் ஒரு சிறு கடையில், மடிக்கணினியை அசையாத பொருள் ஒன்றோடு பிணைத்து வைக்கும் கேபிள் பூட்டை 450 ரூபாய்க்கு வாங்கினேன். கருப்பூர்ப் பக்கம், நான்கு பேர் தங்கும் தனியார் விடுதி அறை ஒன்றில் ஒரு செமஸ்டர் முழுக்க அதைப் பயன்படுத்தியிருக்கிறேன். அறைவாசிகள் குளிக்கப் போன நேரத்தில் உள்ளே நுழைந்து, மேசைமேல் இருப்பதை அள்ளிக்கொண்டு நடையைக் கட்டும் ஆளை இந்தப் பூட்டு தடுக்கும். கருவியோடும் திட்டத்தோடும் வருகிறவனைத் தடுக்காது. விடுதிகளில் முதல் வகைத் திருட்டைப் பற்றித்தான் நான் அதிகம் கேள்விப்பட்டிருக்கிறேன் என்பதால், கொடுத்த விலைக்கு இது தகும் என்றே சொல்வேன்.

பெட்டியைப் பிரித்தால், ஏறக்குறைய ஓர் ஆள் நீளத்துக்குப் பின்னல் எஃகுக் கம்பி, அதன்மேல் கறுப்பு பிளாஸ்டிக் உறை, ஒரு முனையில் கண்ணி, மறுமுனையில் நான்கு எண் சக்கரங்கள் கொண்ட உருளை ஆகியவை இருக்கின்றன. கண்ணி வழியாகப் பூட்டின் தலையை நுழைத்துக் கட்டில் சட்டத்தைச் சுற்றி இழுத்துவிட்டு, தலையில் உள்ள டி வடிவ முனையை மடிக்கணினியின் பக்கவாட்டுத் துளைக்குள் செருக வேண்டும். அந்த முனையை உள்ளே குறுக்காக நிற்கும்படி வைத்து எண்களைக் கலைத்ததும் பூட்டு விழுந்துவிடும். பழகிவிட்டால் அரை நிமிட வேலை. ஆனால் உருளை தடிமனாக இருப்பதால், என்னுடையதைப் போன்ற மெல்லிய மடிக்கணினியின் ஒரு மூலை மேசையிலிருந்து சற்றே தூக்கிக்கொண்டு நிற்கிறது. பக்கத்தில் இருக்கும் யூஎஸ்பி வாயிலையும் அது பாதி மறைத்துவிடுகிறது.

வாங்குவதற்கு முன் கவனிக்க வேண்டியது அந்தத் துளையைத்தான். கென்சிங்டன் துளை என்று பொதுவாகச் சொல்லப்படுவது 7 மில்லிமீட்டர் நீளமும் 3 மில்லிமீட்டர் அகலமும் கொண்டது. மெல்லிய கணினிகளுக்காகப் பின்னர் வந்த நானோ துளை 6-க்கு 2.5 மில்லிமீட்டர். டெல் மடிக்கணினிகள் பலவற்றில் இருப்பது ஆப்பு வடிவத் துளை, 4.5-க்கு 3.2 மில்லிமீட்டர். ஒன்றுக்கான பூட்டு மற்றொன்றில் பொருந்தாது. பொருந்துவதுபோல் உள்ளே போனாலும் லேசாக இழுத்தால் வெளியே வந்துவிடும். மேக்புக் ஏர் போன்ற கணினிகளில் துளையே கிடையாது. அவற்றுக்குப் பசையால் ஒட்டும் தகடுகள் தனியாக விற்கின்றன. துளை எந்த வகை என்று இணையத்தில் தேடிக்கொண்டிருப்பதைவிடக் கணினியைக் கடைக்கே கொண்டுபோவது நல்லது. நான் வாங்கிய கடையில், "முதல்ல மாட்டிப் பாருங்க தம்பி, அப்புறம் காசு கொடுங்க" என்று கடைக்காரரே பெட்டியைப் பிரித்துக் கொடுத்தார். பிரித்துக் காட்ட மறுக்கும் கடையில் இந்தப் பொருளை வாங்க வேண்டாம்.

எண் பூட்டா, சாவிப் பூட்டா என்பதில் எனக்குச் சாவியின் பக்கம்தான் சாய்வு, இரண்டு காரணங்களால். முதலாவது, நான்கு சக்கரங்களில் 10,000 சேர்க்கைகள் உண்டு என்று அட்டைப்பெட்டி பெருமைப்பட்டாலும், மலிவான பூட்டுகளில் தலையை லேசாக இழுத்துப் பிடித்துக்கொண்டு சக்கரங்களை மெதுவாக உருட்டினால், சரியான எண்ணில் சக்கரம் சற்றே சிக்குவது விரலுக்குத் தெரிந்துவிடும். என் பூட்டின் இரண்டாவது சக்கரம் இப்படித்தான் தன் எண்ணைக் காட்டிக்கொடுக்கிறது. இரண்டாவது, அவசரத்தில் கிளம்புகிறவர்கள் நான்கு சக்கரங்களையும் கலைப்பதில்லை. கடைசிச் சக்கரத்தை மட்டும் ஒரு தட்டு தட்டிவிட்டுப் போகிறார்கள். விடுதியில் இந்தப் பழக்கத்தைக் கவனிக்க வெளியாள் தேவையில்லை. இரவில் மின்சாரம் போனால் கைப்பேசி வெளிச்சத்தைக் காட்டிக்கொண்டு எண்ணைத் தேட வேண்டியிருப்பது தனி எரிச்சல்.

சாவிப் பூட்டிலும் வட்டக் குழாய் வடிவச் சாவி கொண்ட மலிவு ரகத்தைத் தவிர்க்கலாம். 2004-இல் அமெரிக்காவில் இதே அமைப்புள்ள மிதிவண்டிப் பூட்டுகளைப் பந்துமுனைப் பேனாவின் பிளாஸ்டிக் குழாயாலேயே திறந்துகாட்டினார்கள். அதன்பிறகு நல்ல நிறுவனங்கள் உள்ளமைப்பை மாற்றிக்கொண்டன. பெயர் தெரியாத பூட்டுகளைப் பற்றி அப்படி உறுதி சொல்ல முடியாது.

இனி, பூட்டைவிட முக்கியமான விஷயத்துக்கு வருகிறேன். கம்பியை எதில் கட்டுகிறோம்? விடுதிகளில் பெரும்பாலும் இரும்புக் கட்டில்கள்தாம். பலரும் கண்ணியைக் கட்டில் காலில் மாட்டிவிட்டு நிம்மதியாகிவிடுகிறார்கள். கட்டிலின் ஒரு மூலையை ஒரு கையால் தூக்கி, மறு கையால் கண்ணியைக் காலின் அடிப்பக்கம் வழியாக உருவி எடுப்பதற்குப் பயில்வான் தேவையில்லை. என் அறையில் இதைச் செய்து காட்டியபோது, பூட்டு பூட்டியபடியே இருக்க, மடிக்கணினி கம்பியோடும் உருளையோடும் என் கைக்கு வந்துவிட்டது. காலும் குறுக்குச் சட்டமும் பற்றவைக்கப்பட்ட மூலைக்கு மேலே, நான்கு பக்கமும் அடைபட்ட சட்டத்தைச் சுற்றித்தான் கண்ணியைப் போட வேண்டும். நட்டு போல்ட்டால் இணைத்த கட்டில் என்றால் நட்டின் இறுக்கத்தையும் பார்த்துக்கொள்ளுங்கள். எங்கள் அறைக் கட்டில்களில் நட்டுகளை விரலாலேயே கழற்றலாம்.

மர மேசையின் கால் இன்னும் மோசம், குறுக்குக் கட்டை இரண்டு திருகாணிகளில் தொங்கிக்கொண்டிருக்கும். ஜன்னல் கம்பி உறுதியானதுதான். ஆனால் தரைத்தள அறையில் ஜன்னலோரம் கணினியைக் கட்டி வைப்பது, தெருவில் போகிறவர்களுக்கும் அதைக் காட்டி வைப்பதாகிவிடும். என் அனுபவத்தில் மிகச் சிறந்த இடம், சுவரோடு சிமெண்ட் வைத்துப் பதித்த அலமாரியின் இரும்புச் சட்டம். அதற்கு அருகில் பிளக் பாயிண்ட் இருக்காது என்பதுதான் சேலத்து வாடகை அறைகளின் பொதுவிதி. நீட்டிப்பு வயர் ஒன்றும் சேர்த்து வாங்க வேண்டியிருக்கும்.

கம்பியின் வலிமையை மிகைப்படுத்திக்கொள்ள வேண்டாம். எலக்ட்ரீஷியன் வைத்திருக்கும் சிறிய கட்டிங் பிளேயரால் இதை அறுக்க, இழை இழையாகக் கடித்துக்கொண்டு நிற்க வேண்டும். நீண்ட கைப்பிடியுள்ள போல்ட் கட்டர் என்றால் ஒரே வெட்டு. வெட்டாமல் வெறுமனே வேகமாக இழுத்தால், கணினியின் உடல் பிளாஸ்டிக்காக இருக்கும்பட்சத்தில் துளையைச் சுற்றியுள்ள பகுதி பிய்ந்துகொண்டு வரும். பிய்ந்த மூலை திருட்டுப் பொருள் என்று பறைசாற்றும் என்பது ஓர் ஆறுதல். ஆனால் அதனால் கணினி நமக்குத் திரும்பி வரப்போவதில்லை. ஏற்காட்டில் தங்கிப் படிக்கும் நண்பர் ஒருவரும் இதே பூட்டைத்தான் வைத்திருக்கிறார். அங்கே மழைக்காலத்து ஈரத்தில் டி முனையில் துரு படிந்து சக்கரங்கள் இறுகிவிட்டன. தையல் இயந்திர எண்ணெய் ஒரு சொட்டு விட்ட பிறகுதான் இளகின.

இதே வேலைக்கு மாற்று ஒன்றையும் ஒப்பிட்டுச் சொல்ல வேண்டும். செவ்வாய்ப்பேட்டையில் கிடைக்கும் தகர டிரங்குப் பெட்டியும் ஒரு திண்டுக்கல் பூட்டும் சேர்ந்தால் செலவு சில மடங்கு கூடும். ஆனால் டிரங்குப் பெட்டிக்கு ஒரு பெரிய பலம் உண்டு, அது பொருளைக் கண்ணிலிருந்தே மறைத்துவிடுகிறது. கேபிள் பூட்டோ, "இங்கே விலையுயர்ந்த ஒன்று இருக்கிறது" என்று அறிவித்துக்கொண்டே காவல் காக்கிறது. விடுமுறைக்கு ஊருக்குப் போகும்போது கணினியை விட்டுச் செல்வதானால் பெட்டிதான் சரி; பெட்டியையே தூக்கிக்கொண்டு போகாமலிருக்கக் கைப்பிடியில் ஒரு சங்கிலி போட்டுக் கட்டிலோடு பிணைக்க வேண்டும். கணினியை முழுவதுமாக அணைத்து, சூடு தணிந்த பிறகே உள்ளே வைக்க வேண்டும். நாள்முழுக்க வகுப்புக்கும் அறைக்கும் நூலகத்துக்கும் அலைகிற வாரநாள்களில் ஒவ்வொரு முறையும் பெட்டியைத் திறந்து மூட யாருக்கும் பொறுமை இருக்காது. அங்கேதான் கேபிள் பூட்டு வெல்கிறது.

இவை இரண்டுக்கும் முன்னால் நிற்பது அறைக் கதவின் பூட்டு. நான்கு பேருக்கு ஒரே சாவி என்றால் அது கதவுநிலையின் மேல்விளிம்பிலோ செருப்பு அடுக்கிலோதான் குடியிருக்கும், அந்த மாடியில் உள்ள அனைவருக்கும் அது தெரியும். ஆளுக்கு ஒரு சாவி அடித்துக்கொள்வதற்கு ஆகும் செலவு, நான் பூட்டுக்குக் கொடுத்ததைவிடக் குறைவு.

பூட்டு தோற்றுப்போகும் நாளுக்கான ஏற்பாடுகள் காசில்லாதவை. கணினியின் அடியில் அச்சிட்டிருக்கும் வரிசை எண்ணையும் வாங்கிய பில்லையும் படம் எடுத்து வேறோர் இடத்தில் வைத்திருந்தால், காவல் நிலையத்தில் புகார் எழுதும்போதும் அதைப் பெற்றுக்கொண்டதற்கான சி.எஸ்.ஆர். ரசீது வாங்கும்போதும் எதையும் நினைவிலிருந்து சொல்ல வேண்டியதில்லை. தொலைந்த கைப்பேசியை ஐ.எம்.இ.ஐ. என்னும் அதன் அடையாள எண்ணைக் கொண்டு முடக்கும் அரசின் சி.இ.ஐ.ஆர். தளம் சாதாரண மடிக்கணினிகளுக்கு உதவாது, அவற்றில் அந்த எண் இருப்பதில்லை. விண்டோஸில் 'ஃபைண்ட் மை டிவைஸ்' வசதியை முன்கூட்டியே இயக்கி வைத்திருந்தால், கணினி கடைசியாக இணையத்தில் இருந்த இடம் தெரியவரும். விண்டோஸின் பிட்லாக்கர் வசதியால் வட்டை மறையாக்கம் (என்கிரிப்ஷன்) செய்துகொண்டால் தேர்வுக் குறிப்புகளும் வங்கி விவரங்களும் பிறர் கைக்குப் போகாது. அதன் 48 இலக்க மீட்பு எண்ணை அதே கணினியில் சேமித்து வைக்காதீர்கள்.

பகிர்ந்து தங்கும் அறையில், பற்றவைத்த இரும்புச் சட்டம் ஏதாவது இருந்து, கணினியிலும் துளை இருந்தால் இந்தப் பூட்டை வாங்கலாம். தனி அறையும் உறுதியான கதவுப் பூட்டும் உள்ளவர்களுக்கு இது வீண் செலவு. கையில் கூடுதல் பணம் இருப்பவர்கள் பெயர் தெரிந்த நிறுவனத்தின் சாவிப் பூட்டையே எடுக்கலாம். அப்படி எடுத்தால், உடன் வரும் இரண்டாவது சாவியை அதே அறையில் வைக்காமல் ஊரில் வீட்டில் கொடுத்துவிட்டு, சாவியோடு வரும் எண் குறித்த அட்டையையும் பத்திரப்படுத்துங்கள். இரண்டு சாவிகளும் தொலைந்தால் அந்த எண்ணைக் காட்டித்தான் நிறுவனத்திடம் மாற்றுச் சாவி கேட்க வேண்டியிருக்கும்.