ஒரே அறையில் ஆண் எலிகளும் பெண் எலிகளும்: ஒன்றரை வருஷ அனுபவம்

எங்கள் வீட்டில் நாலு வளர்ப்பு எலிகள். சீடை, தட்டை அண்ணன் தம்பி. ஏலக்காய், கிராம்பு பெண்கள். சென்னையில் வாடகை வீடு, ஏ.சி. இருப்பது ஒரே ஒரு அறையில். எலிக்கு நம்மைப் போல வியர்க்காது, உடம்புச் சூட்டைப் பெரும்பாலும் வால் வழியாகத்தான் தணித்துக்கொள்ளும். சென்னை வெயிலுக்கு அது காணாது. அதனால் நாலும் அந்த அறையில்தான் இருந்தாக வேண்டும். இப்படி வைத்துக்கொள்ள முடியுமா என்றால், தாராளமாக முடியும். வேலைதான் இரட்டிப்பு.

கூண்டுகளை ஒட்டி மட்டும் வைக்காதீர்கள். கம்பி வழியாகவே சேர்ந்து சினைப்பிடித்த கதைகள் எலி வளர்ப்பவர்களிடம் நிறைய உண்டு. அதுகளுக்குச் சில விநாடிகள் போதும். 21 முதல் 23 நாளில் பிரசவம், ஒரு ஈற்றில் எட்டு, பத்து குட்டிகள் சர்வசாதாரணம். குட்டி போட்ட 24 மணி நேரத்துக்குள் தாய் மறுபடி சினையாகவும் வாய்ப்புண்டு. எங்கள் கூண்டுகள் எதிரெதிர்ச் சுவரோரம் இருக்கின்றன.

ஆண்கள் கூண்டைவிடப் பெண்கள் கூண்டில்தான் கவனம் வேண்டும். சீடை அரைக் கிலோவைத் தாண்டிவிட்டான். கிராம்பு 300 கிராம்கூட இல்லை. தலை நுழைந்தால் போதும், உடம்பு தானாக வந்துவிடும். கடையில் வாங்கிய பறவைக் கூண்டின் கம்பி இடைவெளி அவளுக்கு வாசற்படி மாதிரி. உள்பக்கம் முழுக்க அரை இஞ்ச் வெல்டு மெஷ் கட்டி, கதவுக்குத் தனியாகக் கொக்கியும் போட்டோம்.

நாலைந்து நாளுக்கு ஒருமுறை பெண்கள் ஹீட்டுக்கு வரும், அதாவது இணைசேரத் தயாராகும், பெரும்பாலும் ராத்திரியில். ஏலக்காயின் முதுகைத் தடவினால் அப்படியே உறைந்து நின்று, முதுகைக் குழித்து வாலடியைத் தூக்குவாள். காது இரண்டும் படபடவென்று நடுங்கும், கண்ணுக்குப் புகைபோலத்தான் தெரியும். அன்றைக்கு எதிர்ச்சுவரில் தூக்கமே கிடையாது. தட்டை கம்பியைப் பிடித்துக்கொண்டு மூக்கை நீட்டியபடி நிற்பான், கம்பியைக் கடிப்பான், ஊஞ்சல் துணியெல்லாம் சொட்டுச் சொட்டாக மூத்திரம். பாசமான அண்ணன் தம்பி முடியைச் சிலிர்த்துக்கொண்டு பக்கவாட்டில் இடித்துக்கொள்வார்கள். ரத்தம் வந்ததில்லை. வரும் அளவுக்குப் போனால் ஒரே அறை ஏற்பாட்டையே கைவிட வேண்டியதுதான். அந்த அறையில் படுக்கிற என் தம்பிக்கு இதில் வேறு கருத்துகள் உண்டு, அவற்றை இங்கே எழுத முடியாது.

நாற்றம் பற்றி எல்லோரும் கேட்கிறார்கள். பெண்கள் பக்கத்தில் இருப்பதால் ஆண்கள் கூடுதலாகவே மூத்திரத்தால் அடையாளம் வைக்கிறார்கள். அதற்காக மொத்தக் கூண்டையும் ஒரேயடியாகக் கழுவித் துடைத்தால், வாசனை போய்விட்டதே என்று மறுபடி முதலிலிருந்து ஆரம்பிப்பார்கள். ஒரு துணியை மாற்றினால் இன்னொன்றை விட்டுவைக்கிறேன். அம்மோனியா நெடி தேங்க விடக்கூடாது. எலிக்கு நுரையீரல் பலவீனம், சளி பிடித்தால் லேசில் விடாது.

உண்மையான தொல்லை விளையாட்டு நேரம். சாயங்காலம் இரண்டு ஷிப்ட். முதலில் ஆண்கள், பிறகு பெண்கள், நடுவில் தரையை வினிகர் தண்ணீரால் துடைக்க வேண்டும். வரிசையை மாற்றினால் பெண்களின் வாசனை கையில் ஒட்டியிருக்கும். தட்டை விரலைச் சோதித்துப் பார்ப்பான், பல்லாலும்.

கடைக்காரர் "ரெண்டும் பொண்ணுங்க" என்று சொன்னால் நம்பி வாங்காதீர்கள். ஆணுக்கு விதைப்பை வெளிப்படையாகத் தெரியும், ஆனால் குளிரிலோ பயத்திலோ உள்ளே இழுத்துக்கொள்ளும். ஐந்து வார வயசிலேயே சிலது சினைப்பிடிக்கத் தயாராகிவிடும், எனவே அதற்குள் பிரித்தாக வேண்டும்.

காயடித்துவிட்டால் இவ்வளவு கூத்தும் வேண்டாமே என்பீர்கள். சரிதான். எலிக்கு ஆபரேஷன் செய்கிற டாக்டரைக் கண்டுபிடிக்கவே எங்களுக்கு நாளாகிவிட்டது. அதற்குள் இவர்களுக்கு வயசாகிவிட்டது. மயக்க மருந்து ஆபத்து என்று அவரே வேண்டாம் என்றார். இரண்டு, மூன்று வருஷமே வாழ்கிற பிராணிக்கு ஒன்றரை வயசு என்பது நடுவயசைத் தாண்டியதுதான். நீங்கள் செய்வதாக இருந்தால் இளவயதிலேயே செய்துவிடுங்கள். எலியால் வாந்தி எடுக்க முடியாது, ஆகவே நாய்க்குச் சொல்வதுபோல முந்தின ராத்திரி பட்டினி போடத் தேவையில்லை. ஆபரேஷன் முடிந்த கையோடு பெண்களிடம் விட்டுவிடவும் கூடாது. விந்து மிச்சமிருக்கும், மூன்று, நான்கு வாரம் தனியாகவே இருக்கட்டும். அதுவரை ஷிப்ட் வேலை உங்களுக்கும் உண்டு.