டிவிடி டிரைவ் படுத்துவிட்டால்: பழையதையே சரிசெய்வதா, உள்ளே புதிது போடுவதா, யூஎஸ்பி டிரைவ் வாங்குவதா?

அக்கா கல்யாண டிவிடி மூன்று, அப்பா சேர்த்து வைத்த போட்டோ சிடி நாற்பது சொச்சம். எல்லாவற்றையும் ஹார்ட் டிஸ்கில் ஏற்றிவிடலாம் என்று உட்கார்ந்த அன்றைக்குத்தான் வீட்டு டெஸ்க்டாப்பின் டிரைவ் சிடியைத் தொடுவதில்லை என்று தெரிந்தது. டிவிடி மட்டும் ஓடுகிறது. இதில் குழம்ப ஒன்றுமில்லை, சிடிக்கு 780 நானோமீட்டர் லேசர், டிவிடிக்கு 650, இரண்டும் தனித்தனி, ஒன்று சோர்ந்துபோனாலும் மற்றது ஓடும்.

முதலில் காசு செலவில்லாத வழி. கம்ப்யூட்டரில் டிரைவே தெரியவில்லை என்றால் பயாஸில் (கம்ப்யூட்டரை ஆன் செய்ததும் விண்டோஸுக்கு முன்னால் திறக்கக்கூடிய செட்டிங்ஸ் திரை) தெரிகிறதா என்று பாருங்கள். அங்கேயும் இல்லையென்றால் கேபிளைக் கழற்றி மாட்டுங்கள், இல்லை வேறு கேபிள் போடுங்கள். பயாஸில் தெரிந்து, விண்டோஸ் டிவைஸ் மேனேஜரில் மஞ்சள் குறியோடு கோட் 19 அல்லது 39 வந்தால், பெரும்பாலும் ரெஜிஸ்ட்ரியில் (விண்டோஸ் தன் அமைப்புகளைச் சேமித்து வைக்கும் இடம்) அப்பர்ஃபில்டர்ஸ், லோயர்ஃபில்டர்ஸ் என்ற இரண்டு பதிவுகள்தான் காரணம், பேக்கப் எடுத்துக்கொண்டு டிவிடி டிரைவ் பிரிவில் இருப்பதை மட்டும் நீக்கிவிட்டு ரீஸ்டார்ட் செய்தால் சரியாகிவிடும். டிரே திறக்கவில்லையா, உள்ளே இருக்கும் சின்ன ரப்பர் பெல்ட் தளர்ந்திருக்கும். அவசரத்துக்கு, கம்ப்யூட்டரை அணைத்துவிட்டு முன்பக்க ஓட்டையில் ஊசியை விட்டால் டிரே வெளியே வரும்.

என் டிரைவில் லென்ஸைத்தான் துடைத்தேன். ஐசோப்ரொபைல் ஆல்கஹாலில் பஞ்சுக்குச்சியை நனைத்து, பட்டும் படாமல் ஒரு சுற்று. பஞ்சு நுனி சாம்பல் நிறமாகிவிட்டது. இரண்டு நாள் சிடி ஓடியது, மூன்றாம் நாள் பழையபடி. லேசர் தேய்ந்துவிட்டால் துடைத்துப் பயனில்லை. உள்ளே இருக்கும் திருகைத் திருப்பி லேசர் பவரை ஏற்றுவார்கள், நான் அதில் கைவைக்கவில்லை.

அப்புறம் பக்கத்து வீட்டு அண்ணனிடம் யூஎஸ்பி டிரைவ் கடன் வாங்கினேன். கைக்கு அடக்கம், எந்த லேப்டாப்பிலும் மாட்டலாம், சந்தேகமே இல்லை. ஆனால் கல்யாண டிவிடியின் இரண்டாவது டிஸ்கில் கீறல் விழுந்த இடம் வந்ததும் மோட்டார் இறங்கி, மறுபடி ஏறி, 'டக்' என்று ஒரு சத்தம், யூஎஸ்பி துண்டிக்கப்பட்ட மணி, திரையில் டிரைவையே காணோம். நாலு தடவையும் இதே கதை.

காரணம் கரண்ட். யூஎஸ்பி 2.0 போர்ட் 5 வோல்ட்டில் 500 மில்லிஆம்பியர் தரும், 3.0 என்றால் 900. டிஸ்கைச் சுழற்றத் தொடங்கும் அந்த நொடியில் மோட்டார் இதைவிட அதிகம் இழுக்கலாம். நல்ல டிஸ்க் என்றால் ஒரு தடவை ஏறிவிட்டால் போதும். கீறல் டிஸ்கில் டிரைவ் வேகத்தைக் குறைத்துக் குறைத்துத் திரும்பப் படிக்கும், ஒவ்வொரு தடவையும் அதே இழுப்பு. கேபினெட் முன்பக்க போர்ட்டில் நீளமான மெல்லிய ஒயர் வழியாக வருவதால் இன்னும் மோசம், அடாப்டர் இல்லாத ஹப் என்றால் கேட்கவே வேண்டாம். பின்பக்க போர்ட்டில் மாட்டியபோது மூன்றில் இரண்டு டிஸ்க் முழுதாக வந்தது.

மிச்சமிருந்த ஒன்றுக்காகத்தான் கேபினெட் உள்ளே மாட்டும் சாட்டா டிரைவ் (சாட்டா என்பது மதர்போர்டோடு டிரைவை இணைக்கும் கேபிள் வகை) வாங்கினேன். டெஸ்க்டாப் வைத்துக்கொண்டு பழைய டிஸ்க்குகளைக் காப்பி எடுக்கப்போகிறவர்களுக்கு நான் இதைத்தான் சொல்வேன். பவர் சப்ளையிலிருந்து 5 வோல்ட்டும் 12 வோல்ட்டும் நேராக வருகிறது, மோட்டார் திணறுவதே இல்லை. பக்கத்துக்கு இரண்டு திருகு, இரண்டு கேபிள், இருபது நிமிட வேலை. அதே டிஸ்க் அதே இடத்தில் ஊர்ந்து ஊர்ந்து, முக்கால் மணி நேரம் பிடித்தது, ஆனால் நிற்கவில்லை. அதில்தான் அப்பா வாசலில் நின்று எல்லோரையும் கும்பிட்டு வரவேற்கும் காட்சி இருக்கிறது. வாங்கி நாலு மாதம்தான் ஆகிறது, எத்தனை வருஷம் உழைக்கும் என்று இப்போது சொன்னால் அது பொய்.

வாங்குமுன் இரண்டு விஷயம் பாருங்கள்: புது கேபினெட்டுகள் பலவற்றில் இந்த டிரைவ் உட்காரும் 5.25 அங்குல இடமே கிடையாது, ரொம்பப் பழைய மதர்போர்டில் சாட்டாவுக்குப் பதில் ஐடிஇ என்ற பழைய வகை இணைப்பு இருக்கும். லேப்டாப் டிரைவ் என்றால் தடிமன் 12.7 மில்லிமீட்டரா 9.5ஆ என்று அளந்துகொள்ளுங்கள். லேப்டாப்பில் டிரைவுக்கு இடமே இல்லாதவர்கள் யூஎஸ்பிதான் வாங்கியாக வேண்டும், அப்போது இரண்டு யூஎஸ்பி முனை உள்ள கேபிளோ தனி அடாப்டரோ வரும் மாடலாகப் பார்த்து எடுங்கள்.